வயிற்றில் பையோடு வீடு திரும்புகிறவர்: குடும்பம் செய்ய வேண்டியதும் விட வேண்டியதும்

பழைய வட ஆர்க்காடு 1989-லும் 2019-லும் பிரிக்கப்பட்டு இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நான்கு மாவட்டங்களாக ஆகிவிட்டாலும், குடலில் பெரிய அறுவைச் சிகிச்சை என்று வந்துவிட்டால் போளூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ஜவ்வாது மலை ஊர்களிலிருந்தும் பலர் புறப்பட்டு வருவது வேலூருக்குத்தான். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவமனையிலிருந்து வளர்ந்த சி.எம்.சி.யும், அடுக்கம்பாறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அவர்கள் வந்து சேரும் இடங்கள். அங்கே உயிர் காக்கப்பட்டு, மலம் வந்து சேர வயிற்றில் ஒட்டிய ஒரு பையோடு ஊர் திரும்புகிறவர்களில் பலருக்கு, வார்டில் இருந்தவரை அந்தப் பையைக் கவனித்துக்கொண்டவர் சிஸ்டர். வீட்டுக்கு வந்த சில நாட்களில், நள்ளிரவில் அது முதன்முதலாகக் கசியும்போது யார் எழுந்து விளக்கைப் போடுகிறாரோ, அவரே பெரும்பாலும் அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்த வேலைக்கு உரியவராகிவிடுகிறார். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவாக அது இருப்பதில்லை.

பை வைத்தவரைக் குடும்பம் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் நம் வீடுகளில் யாருக்கும் ஐயம் இல்லை. எப்போது, எப்படி அந்த வேலையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. இந்த நோயில் குடும்பங்கள் களைத்துப்போவதற்கும், பை வைத்தவர் வீட்டுக்குள்ளேயே சுருங்கிப்போவதற்கும் பெரிய காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

முதலில் நடந்திருப்பது என்ன என்பதை வீட்டில் உள்ள அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மலக்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, குடல் முறுக்கிக்கொள்ளுதல், குடலில் ஓட்டை விழுதல், விபத்துக் காயம் ஆகியவற்றால் மலம் வழக்கமான வழியில் போக முடியாதபோது, பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேல் தோலுக்குக் கொண்டுவந்து தைத்து அங்கே ஒரு வாய் அமைக்கிறார்கள். இதற்குக் கொலோஸ்டமி என்று பெயர். சிறுகுடலின் கடைப்பகுதியை வெளியே கொண்டுவந்தால் இலியோஸ்டமி. வெளியே தெரியும் அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். உதட்டின் உட்புறத்தைப்போலச் சிவந்து ஈரமாக இருக்கும். அதில் வலி உணரும் நரம்பு கிடையாது; துடைக்கும்போது சிறிது இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை. அடக்கிவைக்கும் தசையும் அங்கே இல்லாததால், மலமும் காற்றும் தாமாக வரும்போது வரும். இந்த ஒரு செய்தி வீட்டாருக்கு விளங்காததால் எத்தனை மனக்கசப்பு! சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து சத்தம் வந்தால் முகம் சுளிக்கும் மருமகன், பெரியவர் வேண்டுமென்றே அடக்காமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்.

இது தற்காலிகமானதா, நிரந்தரமானதா என்பதையும் மருத்துவரிடம் நேராகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டால் பை வாழ்நாள் முழுவதும் இருக்கும். கீழே குடலை இணைத்த தையல் ஆறுவதற்காக வைக்கப்பட்டது என்றால், சில மாதங்களில், அல்லது கீமோதெரபி முடிந்த பிறகு, மூடிவிடுவார்கள். தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்ட குடும்பங்கள் பல, எப்படியும் போய்விடப்போகிற பைக்கு எதற்குப் பயிற்சி என்று எதையும் கற்றுக்கொள்ளாமல் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும். மூடும் தேதி தள்ளிப்போகும்போது அந்தக் காத்திருப்பே நோயைவிடப் பெரிய வேதனையாகிவிடும். மூன்று மாதமானாலும் முப்பது ஆண்டானாலும் பையை மாற்றும் முறை ஒன்றே என்பதால், கற்றுக்கொண்டுவிடுவதுதான் நிம்மதி.

அவசர அறுவையாக இல்லாமல் முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் அறுவை என்றால், குடும்பத்தின் பங்கு மருத்துவமனையிலேயே தொடங்குகிறது. ஸ்டோமா எங்கே வர வேண்டும் என்று முதல் நாளே வயிற்றில் மையால் குறி வைப்பது நல்ல வழக்கம். நிற்கவும் உட்காரவும் குனியவும் சொல்லிப் பார்த்து, தோல் மடிப்பு விழாத இடமாக, நோயாளியின் கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்டும் இடமாகக் குறிப்பார்கள். அந்த நேரத்தில் அவருடைய அன்றாட வாழ்க்கையைச் சொல்லக் கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குடியாத்தத்தில் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறவர், நாள் முழுவதும் தரையில் சம்மணமிட்டுப் பீடி சுற்றுகிற பெண், ஆம்பூர்த் தோல் ஷாப்பில் குனிந்து நிமிர்கிறவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் வயிறு மடியும் இடம் வேறு. லுங்கி முடிச்சும் பாவாடை நாடாவும் இறுகுகிற கோட்டின் மேலேயே ஸ்டோமா அமைந்துவிட்டால், பையைத் தோலோடு பிடித்துவைக்கும் பசைத் தட்டு ஒவ்வொரு நாளும் பெயர்ந்துகொண்டிருக்கும். கால்சட்டையும் பெல்ட்டும் அணிகிறவரை மனத்தில் வைத்துக் குறிக்கப்பட்ட இடம், சேலை கட்டும் அம்மாவுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார்தான்.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் அருவருப்பு இருக்கும். இதை மறைப்பதில் பயனில்லை. பெற்ற தகப்பன் என்றாலும் அவர் மலத்தைக் கையால் தொடும்போது உடம்பு பின்வாங்குவது அன்பின் குறைவால் அன்று; பழக்கமில்லாததால் மட்டுமே. கையுறை போட்டுக்கொள்வதும் மூக்கில் துணி கட்டிக்கொள்வதும் அவமரியாதையா என்று தயங்கும் மருமகள்கள் உண்டு. அது எந்தவிதத்திலும் அவமரியாதை ஆகாது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறவரைவிட, "மாமா, எனக்கு இன்னும் பழகவில்லை, கொஞ்ச நாள் ஆகும்" என்று சொல்லிவிடுகிறவரிடம் பெரியவருக்கும் சங்கடம் குறைகிறது.

யார் செய்வது என்பதில் நம் வீடுகளில் ஓர் அநியாயம் இருக்கிறது. கணவருக்குப் பை என்றால் மனைவி செய்கிறார். மனைவி முடியாதவர் என்றால் மகளோ மருமகளோ செய்கிறார். கணவரோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, தன் வயிற்றில் இருப்பதை ஒருமுறைகூடப் பார்க்காமல் மாதங்களைக் கடத்திவிடுகிறார். மனைவிக்குப் பை என்றாலோ, அவரே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக மாற்றிக்கொள்கிறார். அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் ஆள் இருப்பதில்லை. முதல் வீட்டில் உதவி அளவுக்கு மீறிப் போகிறது. இரண்டாம் வீட்டில் உதவியே இல்லை. முதல் வகை வீட்டில் அந்த மனைவி தாய் வீட்டுச் சாவுக்குக்கூட ஓரிரவு தங்க முடியாதவராகிறார். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் வீடே தடுமாறுகிறது.

ஆகவே படிப்படியாகக் கைமாற்ற வேண்டும். முதல் வாரம் அவர் பார்த்தால் போதும். கண்ணாடி ஒன்றைப் பிடித்துக் காட்டலாம். அடுத்து, பையின் கீழ்வாய்க் கிளிப்பைத் திறந்து கழிப்பறையில் காலி செய்வதை அவரே செய்யட்டும். கழுவித் துடைப்பது அதன் பிறகு. தட்டை வெட்டி ஒட்டுவது கடைசியில் வரட்டும். கை நடுக்கம், பார்வைக் குறைவு, பக்கவாதம் இல்லாத பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் இதைத் தாமே செய்ய முடியும். அவர் முதன்முறை ஒட்டும் தட்டு கோணலாகத்தான் இருக்கும், அன்றே கசியவும் செய்யும். அந்தச் சமயத்தில் "விடுங்க, நானே செஞ்சிடறேன்" என்று பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் மனைவிக்கும் மகளுக்கும் மிகக் கடினமான பகுதி.

இன்று உலகம் முழுவதும் பயன்படும் ஒட்டும் பையின் தொடக்கமும் ஒரு குடும்பத்தில்தான் இருக்கிறது. 1954-இல் டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற செவிலியர், ஸ்டோமா வைக்கப்பட்ட தம் சகோதரி தோரா, எங்கே கசிந்துவிடுமோ என்று வெளியே போகவே அஞ்சியதைக் கண்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும் பையை எண்ணிப் பார்த்தார். பிளாஸ்டிக் தொழில் செய்துவந்த ஆகே லூயிஸ்-ஹான்சன் அதைச் செய்து கொடுக்க இசைந்ததற்கு, செவிலியராக இருந்த அவருடைய மனைவியின் வற்புறுத்தல் காரணமாயிற்று. 1957-இல் கோலோபிளாஸ்ட் நிறுவனம் அப்படிப் பிறந்தது. எலிசே தம் சகோதரிக்குச் செய்தது இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தோரா தாமாக வெளியே போய்வர என்ன வேண்டும் என்றே அவர் யோசித்தார். அமெரிக்காவில் 1958-இல் அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல், தாமே இலியோஸ்டமியோடு வாழ்ந்த நார்மா கில் என்ற பெண்ணைப் பணியில் அமர்த்தினார். ஸ்டோமா பராமரிப்பு என்ற தனித் துறை அங்கிருந்து வளர்ந்தது. பை வைத்தவரே பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியராகவும் ஆக முடியும் என்பதற்கு அவர் சான்று.

வேலையின் நுணுக்கங்களுக்கு வருவோம். வீடுகளில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். முழுக்க நிறையவிட்டால் கனத்தில் தட்டு பெயரும். தட்டின் துளையை ஸ்டோமாவின் அளவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். அறுவைக்குப் பிறகு 6 முதல் 8 வாரங்கள் வரை ஸ்டோமா வீக்கம் வடிந்து சுருங்கிக்கொண்டே வரும். ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அளவை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் வெட்டினால், இடைவெளியில் மலம் பட்டுத் தோல் புண்ணாகும். புண்ணான ஈரத் தோலில் தட்டு ஒட்டாது. ஒட்டாததால் மேலும் கசியும். இலியோஸ்டமியில் வரும் நீர்த்த மலத்தில் செரிமானச் சாறுகள் இருப்பதால் புண் இன்னும் விரைவாக வரும். இந்தச் சுழலில் சிக்கிய குடும்பம் பையின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும். குறை வெட்டிய அளவில் இருக்கும்.

தோலைக் கழுவ வெதுவெதுப்பான நீர் போதும். எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் மஞ்சள் பூசுவதும் நம் கை வைத்தியம். எண்ணெய்ப் பசை இருந்தால் தட்டு பிடிக்காது, ஆகவே அந்த இடத்தில் அவை வேண்டாம். நன்றாகத் துடைத்து உலரவிட்டு, ஒட்டிய பின் உள்ளங்கைச் சூட்டில் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காலையில் எதுவும் சாப்பிடுவதற்கு முன் குடல் அமைதியாக இருக்கும் என்பதால் மாற்றுவதற்கு அதுவே ஏற்ற நேரம். பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்கள் ஒரு தட்டு தாங்கும் என்றாலும், வேலூர்க் கத்திரி வெயிலில் வியர்வை அந்தக் கணக்கைக் குறைத்துவிடும். சித்திரை, வைகாசியில் கூடுதலாக ஓரிரு தட்டுகள் ஆகும் என்று முன்பே பணம் ஒதுக்கிவைப்பது நல்லது. வாங்கிவைத்த தட்டுகளைச் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே பரண்மேல் வைத்தால் பசை இளகிக் கெட்டுவிடும். வீட்டில் குளிர்ச்சியான மூலை எதுவோ, பானை இருக்கும் பக்கமோ, அங்கே ஈரம் படாமல் வைக்க வேண்டும்.

சாப்பாட்டில் பெரும்பாலான கொலோஸ்டமிக்காரர்களுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. தொடக்க வாரங்கள் கடந்த பிறகு, கேழ்வரகுக் களியும் கீரைக் கடையலும் அவர் உண்டுவந்தவை என்றால் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். மொச்சை, முட்டைக்கோஸ், பயறு வகைகள் காற்றைக் கூட்டும்; மீன், முட்டை, பூண்டு, வெங்காயம் நாற்றத்தைக் கூட்டும்; சோறு, வாழைப்பழம், தயிர் மலத்தைக் கட்டியாக்கும். உடம்புக்கு உடம்பு இது மாறும் என்பதால் எதையும் அடியோடு தடை செய்வது வீட்டாரின் வேலை ஆகாது. கல்யாணத்துக்குப் போகும் நாளில் பை காலியாக இருக்க வேண்டுமே என்று முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடக்கிறவர்கள் பலர். வெறும் வயிற்றிலும் காற்று சேரும், மயக்கமும் வரும். போவதற்கு முன் காலி செய்துவிட்டு, வெட்டித் தயாராக வைத்த தட்டு, பை, ஒரு பாட்டில் தண்ணீர், பழைய செய்தித்தாள், ஒரு மாற்று உடை ஆகியவற்றைத் தோள்பையில் எடுத்துக்கொள்வதே வழி. இலியோஸ்டமிக்காரர் விஷயம் வேறு: தண்ணீரும் உப்பும் அவர் உடம்பிலிருந்து மிகுதியாக வெளியேறுவதால், வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோரும் கஞ்சியும் அவருக்குக் கட்டாயம்.

நிரந்தரமான, இடப்பக்கக் கொலோஸ்டமி உள்ள சிலருக்கு, மருத்துவர் இசைந்தால், ஸ்டோமா வழியாக வெதுவெதுப்பான நீர் ஏற்றிக் குடலைக் கழுவும் முறை ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகு ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள், மலம் வராமல் இருக்கலாம். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் இருப்பவருக்கு இதைப் பரிந்துரைப்பது எளிதன்று.

மறைப்பது என்பது தனிப் பாரம். பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது, சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது, பெண்ணுக்கு வரன் பார்க்கும்வரை யாருக்கும் தெரியக் கூடாது என்று குடும்பமே வாயைக் கட்டிக்கொள்கிறது. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கும் ஊரில் அந்த அச்சத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. தாத்தாவின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னால் அது விளையாடப் போய்விடும். சொல்லாமல் கதவைச் சாத்தினால், தாத்தாவின் மடியில் உட்காரக் கூடாது என்பது மட்டும் அதன் மனத்தில் தங்கும். உறவில் நம்பத்தக்க ஒரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்குக் கழிப்பறையைத் திறந்துவிடவும், கல்யாண வீட்டில் உட்காரும் இடத்தைப் பார்த்துப் போடவும் ஒருவர் வேண்டும்.

கோயிலுக்குப் போகலாமா என்பது பல பெண்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. தீட்டு என்று தாமாகவே ஒதுங்கி, ஜலகண்டேசுவரர் கோயில் வாசல் வரை வந்து வெளியே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. சந்நிதியில் நிற்கும் ஒவ்வொருவர் வயிற்றிலும் இருப்பது அதே மலம். இவருக்கு அது மூடிய பையில் இருக்கிறது, அவ்வளவே. அவரை உள்ளே அழைத்துப்போக வேண்டியவர்கள் வீட்டார். மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் தொழுகையை விட்டுவிட்ட பெரியவர்களுக்கு, இடைவிடாத வெளியேற்றம் உள்ளவர் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளு (தொழுகைக்கு முன் கழுவித் தூய்மை செய்தல்) செய்து தொழலாம் என்ற சலுகை மார்க்கச் சட்டத்திலேயே இருப்பதை மார்க்க அறிஞரான ஹஜ்ரத் வாயால் கேட்கவைத்தால் பெரிய ஆறுதலாகும்.

கணவன் மனைவிக்கு இடையே நேரும் விலகலைப் பற்றி ஆஸ்பத்திரியிலும் பேசுவதில்லை, வீட்டிலும் பேசுவதில்லை. மலக்குடல் அறுவையில் அருகே ஓடும் நரம்புகள் பாதிக்கப்பட்டால் தாம்பத்திய உறவில் உடல் வழியான தடையே வரலாம். அதற்கு மருத்துவம் உண்டு. அதை மனைவியின் வெறுப்பு என்று கணவரும், கணவரின் கோபம் என்று மனைவியும் எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் படுப்பதுதான் நடக்கிறது. ரிவ்யூவுக்குப் போகும்போது இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஒரு தட்டும் பையும் சேர்ந்தால் சில நூறு ரூபாய். அது மாதாமாதம், வாழ்நாள் முழுவதும் வரும் செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு அறுவைச் சிகிச்சைக்குக் கைகொடுத்த குடும்பம், ஊர் திரும்பிய பின் மருந்துக் கடையில் நின்று திகைக்கிறது. ஒருமுறைக்கானதைக் கழுவிக் கழுவிப் பலமுறை பயன்படுத்துவதும், பாலித்தீன் உறையைத் துணியால் வரிந்து கட்டுவதும் அப்படித்தான் தொடங்குகின்றன. அதன் விலையைத் தோல் கொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வகுத்த 21 வகைகளில் ஸ்டோமா இடம்பெறவில்லை. ரயில்வே மட்டும் தன் சலுகைப் பட்டியலில் ஆஸ்டமி நோயாளிகளை, அதாவது ஸ்டோமா வைக்கப்பட்டவர்களை, சேர்த்து, சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணம் தருகிறது. காட்பாடியிலிருந்து நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறவர் இதைக் கேட்டுப் பெற வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் பைகளை வீடு தேடிக் கொடுப்பதைத் தன் சேவைகளில் ஒன்றாக அறிவித்தது. ஸ்டோமா பையும் அதே கையால் அதே வாசலுக்கு வர வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

ஆசனவாய் சரியாக உருவாகாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் சில காலம் கொலோஸ்டமி வைப்பதுண்டு. அங்கே தாய்க்குத்தான் துணை வேண்டும். அவள் கருவுற்றிருந்தபோது எதைத் தின்றாள், எங்கே போனாள் என்று விசாரிக்கும் மாமியாரை அடக்குவது அந்தக் குழந்தையின் தகப்பன் செய்ய வேண்டிய முதல் வேலை.

ஸ்டோமா கறுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, இரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலமும் காற்றும் நின்று வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே புறப்பட வேண்டும். ஸ்டோமாவைச் சுற்றி வயிறு புடைத்துக்கொண்டு வருவதும், குடல் வழக்கத்தைவிட நீண்டு வெளியே தள்ளுவதும் காட்ட வேண்டியவை. அரிசி மூட்டை தூக்குவதும் தண்ணீர்க் குடம் சுமப்பதும் அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் அறவே கூடாது என்பது இதனால்தான்.

எல்லாவற்றையும் தாமே செய்யக் கற்றுக்கொண்டவர் வீட்டிலும், இரண்டாவது ஒருவருக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். முதுமையிலோ வேறு நோயிலோ அவர் கை தளரும் நாள் வரலாம். அந்த இரண்டாமவர் மகனாக இருக்கலாம், பேரனாகவும் இருக்கலாம். பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை அவர் ஒரு தட்டை மாற்றிப் பார்த்தால் கை மறக்காது. ரிவ்யூவுக்கு வேலூர் போகும்போது பில் கட்டுகிறவரை மட்டும் கூட்டிப்போகாமல், தட்டு மாற்றத் தெரிந்த இவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கடைசியாகக் கழற்றிய தட்டை ஓர் உறையில் போட்டு எடுத்துச் செல்வதும் நல்லது. அதன் பின்புறத்தில் பசை எந்தப் பக்கம் கரைந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, கசிவு எங்கே தொடங்குகிறது, வெட்டும் அளவை மாற்ற வேண்டுமா, தோல் மடிப்பில் பேஸ்ட் வைத்து நிரப்ப வேண்டுமா என்று ஸ்டோமா சிஸ்டர் சொல்லிவிடுவார்.